பழைய பேண்ட் சா: ஒயிட் மெட்டல் ஊற்றுவதா, பால் பேரிங் போடுவதா, புது மெஷின் வாங்குவதா?

மூடிக் கிடக்கும் மரமில்லின் மூலையில் ஒரு காஸ்ட் அயர்ன் பேண்ட் சா, அதாவது இரண்டு சக்கரத்தின் மேல் ஓடும் பட்டை பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். தாத்தா வாங்கிப் போட்டது. 36 அங்குலச் சக்கரம் இரண்டு, துருவும் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து உடம்பெல்லாம் ஒரு தோல்போலக் கட்டியிருக்கிறது. கையால் சுற்றினால் சக்கரம் இன்னும் சுழல்கிறது. ஆனால் கீழ்ச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஷாஃப்ட் பேரிங்குக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதே மெஷினைப் பற்றி, வேறு வேறு ஊர்களிலிருந்து, ஒரே கேள்வி எனக்கு வந்துகொண்டிருக்கிறது. லேத் பட்டறையில் கேட்டால் "ஒயிட் மெட்டலெல்லாம் இப்ப யாரு செய்யறா, பால் பேரிங் போட்டுடலாம்" என்கிறார்கள். (ஒயிட் மெட்டல் என்பது ஷாஃப்டைத் தாங்குவதற்காகப் பேரிங் கூட்டுக்குள் உருக்கி ஊற்றும் மென்மையான உலோகம்.) வீட்டில் கேட்டால் "புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்கிறார்கள். நான் இரண்டு பழைய பேண்ட் சாக்களைப் பிரித்துப் பார்த்தவன். ஒன்று இன்றும் ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. இரண்டிலிருந்தும் கற்றதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷின் பிறந்ததிலிருந்தே பால் பேரிங்கில் ஓடுவதாக இருக்கலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து வாட்கின் போன்ற பெரிய கம்பெனிகள் 1930-களில் பால் பேரிங் மெஷின்களைத்தான் விற்றன. அப்படியானால் புது பேரிங் வாங்கி மாட்டினால் போதும். கீழே சொல்வது, இரண்டு பாதியாகப் பிரியும் காஸ்ட் அயர்ன் கூட்டுக்குள் வெள்ளையான மெட்டலும் மேலே எண்ணெய்க் கிண்ணமும் இருக்கும் மெஷின்களுக்கு.

எதை வைத்து முடிவு செய்வது

விலையை வைத்துத் தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். நான் முதலில் கேட்பது, மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. வாரத்தில் நாலு மணி நேரம் ஓடும் மெஷினும் தினமும் எட்டு மணி நேரம் ஓடும் மெஷினும் ஒரே மாதிரி இருந்தாலும் அவற்றின் தேவைகள் வேறு. அடுத்தது, யார் ஓட்டப்போகிறார்கள்? எண்ணெய் விடுவதை மறக்காத ஒருவர் மட்டுமா, மாதத்துக்கு ஒரு புதுப் பையன் வந்துபோகும் பட்டறையா?

மூன்றாவது, ஷாஃப்டும் சக்கரங்களும் எப்படி இருக்கின்றன என்பது. பேரிங் எதுவானாலும், விரிசல் விட்ட சக்கரத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. நான்காவது, செய்த வேலை சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? பணம் ஐந்தாவதாக வருகிறது. அதிலும் பேரிங் விலை சின்னப் பகுதிதான். ஏற்றி இறக்கும் கூலி, மோட்டார், வயரிங், ரப்பர் டயர், காப்புக் கூண்டு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

முடிவுக்கு முன்னால் ஒரு மணி நேரச் சோதனை

பிளேடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலையும் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல காஸ்ட் அயர்ன் மணிபோல் ஒலிக்கும். ஒரு கால் மட்டும் 'டப்' என்று செத்த ஒலி கொடுத்தால் அங்கே விரிசல் தேடுங்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் தூள் பூசினால், விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். சக்கரத்தில் விரிசல் இருந்தால் வெல்டிங்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மேஜையிலோ மூடியிலோ உள்ள விரிசலை நிக்கல் ராடு வைத்தோ பித்தளைப் பற்று வைத்தோ ஒட்டலாம். நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும் 36 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 86 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒட்டுப்போட்ட சக்கரத்தை அந்த வேகத்தில் ஆள் முன்னால் சுற்றவிடக் கூடாது.

அடுத்தது ஆட்டம். ஷாஃப்டின் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, கீழேயிருந்து ஒரு மரக்கட்டையால் நெம்பிப் பாருங்கள். ஒன்றரை அங்குல ஷாஃப்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆட்டம், அதாவது 0.04 முதல் 0.05 மி.மீ. வரை, இருக்கவே வேண்டும். எண்ணெய் உட்காரும் இடம் அது. பத்து தௌ, பதினைந்து தௌ காட்டினால் தேய்ந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு பேரிங்கைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். பேரிங் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும், மெல்லிய பித்தளைத் தகடோ கெட்டி அட்டையோ அடுக்கடுக்காக இருக்கும். இதுதான் ஷிம். தேயத் தேய ஒவ்வொரு தகடாக உருவி எடுத்து மூடியைக் கீழே இறக்கலாம் என்பதற்காகவே மெஷினைச் செய்தவர்கள் அதை வைத்தார்கள். இரு பக்கமும் சமமாக எடுத்து, மூடியை முறுக்கி, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் ஒரு மெல்லிய காகிதத்தைத் திரும்ப வையுங்கள். மெட்டலில் இன்னும் கனம் இருந்தால், விரிசலோ உதிர்வோ இல்லாவிட்டால், உங்கள் வேலை இங்கேயே முடிந்தது. என்னுடைய 30 அங்குல மெஷினுக்கு நான் செய்தது பக்கத்துக்கு இரண்டு ஷிம் எடுத்தது மட்டும்தான்.

ஷிம் தீர்ந்துபோயிருந்தால், மெட்டல் உடைந்து உதிர்ந்திருந்தால், அப்போதுதான் கீழே உள்ள மூன்றில் ஒன்று.

வழி 1: ஒயிட் மெட்டலை மீண்டும் ஊற்றுவது

ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839-ல் காப்புரிமை பெற்ற பேரிங் இது. உள்ளே ஊற்றும் உலோகத்துக்கும் பின்னால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நல்ல தரத்தில் 89 சதவீதம் வெள்ளீயம், ஏழரை சதவீதம் ஆன்டிமனி, மூன்றரை சதவீதம் செம்பு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பதும் இந்த வெள்ளீயம்தான். மென்மையான உலோகத்துக்குள் கடினமான சிறு படிகங்கள் விரவிக் கிடக்கும். ஷாஃப்ட் சுழலும்போது எண்ணெயைத் தன் கூடவே இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் மிதக்கும். தூசி ஒன்று உள்ளே போனால் மென்மையான மெட்டல் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும், ஷாஃப்டில் கீறல் விழாது. வேகம் குறைவு, பாரம் ஒரே சீர், அதிர்வு கொஞ்சம்: பேண்ட் சாவின் வேலைக்கு இது அளவெடுத்துத் தைத்தது போன்ற பேரிங். ஓடும் சத்தமும் அலாதி. பேரிங்கின் ஒலியே இருக்காது, பிளேடு மரத்தில் போகும் ஒலி மட்டும் கேட்கும்.

செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. ஒன்றரை அங்குல ஷாஃப்ட், ஐந்து அங்குல நீளம், கால் அங்குலக் கனம் என்றால் ஒரு பேரிங்குக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே மெட்டல் பிடிக்கும். ஆனால் ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு உருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நிறுத்தினால் இரண்டு ஊற்றும் ஒட்டாமல் கோடு விழும்.

வேலை இப்படி. பழைய மெட்டலை எடுத்துவிட்டுக் கூட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். ஷாஃப்ட், அல்லது அதே அளவில் கடைந்த ஒரு டம்மி ஷாஃப்டை, மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே தளத்தில் வரும்படி நூல் பிடித்து நிறுத்த வேண்டும். ஷாஃப்டின் மேல் விளக்குக் கரி பிடித்தால் மெட்டல் அதில் ஒட்டாது. இரண்டு முனையையும் எண்ணெய் விட்டுப் பிசைந்த களிமண்ணால் அடைத்து, கூட்டையும் ஷாஃப்டையும் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளீய வகை மெட்டலை ஊற்றும் சூடு சுமார் 425 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் காய்ந்த மரக்குச்சியை முக்கிப் பாருங்கள். குச்சி பழுத்துக் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ஆறிய பின் நீலச்சாயம் தடவி, ஷாஃப்டை வைத்துச் சுற்றி, படும் மேடுகளைச் சுரண்டியால் எடுப்பது கடைசி வேலை. பொறுமை தேவைப்படுவது அந்தச் சுரண்டலில்தான். முதல் முறை செய்பவருக்கு ஒரு நாள் முழுக்கப் போகும்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதலாவது ஆபத்து. உருகிய மெட்டலில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் நீராவி வெடித்து மெட்டல் மேலே தெறிக்கும். கரண்டி, கூடு, களிமண் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். முகக் கவசம், தோல் செருப்பல்ல, தோல் ஷூ. பழைய பேரிங்கில் இருப்பது காரீய வகை மெட்டலாக இருக்கலாம், அதனால் திறந்த வெளியில்தான் உருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தால் காரீயம் அதிகமுள்ள மெட்டல் பென்சில்போல் சாம்பல் கோடு போடும்.

இரண்டாவது பராமரிப்பு. காலையில் ஓட்டுவதற்கு முன் எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்ப வேண்டும், மதியம் ஒருமுறை பார்க்க வேண்டும். 46 அல்லது 68 எண் ஹைட்ராலிக் ஆயில் போதும். கிரீஸ் அடைக்கக் கூடாது, எண்ணெய்க்காக வெட்டிய பள்ளத்தில் அது போய்ச் சேராது. எண்ணெய் தீர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் அத்தனை உழைப்பும் உருகி வழிந்துவிடும். பெல்ட் இழுக்கும் திசையும் முக்கியம். மோட்டார் தரையில் இருந்தால் பெல்ட் ஷாஃப்டைக் கீழ்ப் பாதியின் மேல் அழுத்தும், அதுதான் சரி. இடமில்லை என்று மோட்டாரை மேலே ஏற்றினால் பாரம் முழுக்க மூடியின் மேலும் அதன் போல்ட்டின் மேலும் விழும்.

வழி 2: பால் பேரிங்குக்கு மாற்றுவது

பெரும்பாலும் பழைய கூட்டை எடுத்துவிட்டு யுசிபி வகை பேரிங் பிளாக்கை, அதாவது கூட்டோடு சேர்ந்தே வரும் பேரிங்கை, வைப்பார்கள். எந்த ஊரிலும் கிடைக்கும், விலை குறைவு, சீல் வைத்தது, தூசி எளிதில் போகாது. உள்ளே இருக்கும் பேரிங் உருண்டையான இடத்தில் உட்காருவதால் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். தினசரி எண்ணெய் வேலை இல்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் பட்டறைக்கு இது பெரிய நிம்மதி. பால் பேரிங் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் லேத் பட்டறையில் சொல்லும் விலை பேரிங்கின் விலை மட்டும். மற்றவை பின்னால் வரும். பழைய ஷாஃப்டுகள் அங்குலக் கணக்கில் இருக்கும், 1 7/16 அங்குலம் மிகச் சாதாரணம். அது 36.5 மி.மீ. கடையில் உடனே கிடைப்பதோ 35 மி.மீ. பேரிங். "ஒன்றரை மி.மீ. கடைந்துவிடலாம்" என்பார்கள். கடைந்த இடத்தில் கூர்மையான படி விழுந்தால், சில வருடத்தில் ஷாஃப்ட் அந்தப் படியில்தான் உடையும். அங்குல அளவு பேரிங்கும் வருகிறது, சொல்லி வைத்து வரவழையுங்கள். ஷாஃப்டே தேய்ந்திருந்தால் இஎன்8 என்ற வகை எஃகில் புது ஷாஃப்ட் கடைவதே நல்லது.

ஷாஃப்டை மாற்ற வேண்டும் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். எனக்கு இதில்தான் பெரிய இழப்பு நேர்ந்தது. என் இரண்டாவது மெஷினை ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். ஐம்பது வருடமாக ஷாஃப்டோடு துருவேறி ஒட்டிய சக்கரம் அது. புல்லர் போட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை மெல்லச் சூடாக்கி எடுக்க வேண்டியதை, பெரிய சம்மட்டியால் பின்னாலிருந்து அடித்துவிட்டார்கள். சாவிப் பள்ளத்திலிருந்து குடம் இரண்டாக விரிந்தது. ஒயிட் மெட்டல் வேலையிலோ சக்கரத்தைக் கழற்றாமலே பல நேரம் ஷாஃப்டோடு தூக்கி வைத்துவிடலாம்.

இன்னொன்று உயரம். யுசிபி 207 பிளாக்கில் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 47.6 மி.மீ. பழைய கூட்டின் உயரம் வேறாக இருக்கும். பிளாக்கின் உயரம் அதைவிடக் குறைவாக இருந்தால் தகடு வைத்து ஏற்றிக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால் காஸ்ட் அயர்ன் சட்டத்தையே மில்லிங் செய்து இறக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. பழைய கூடு தனியாக போல்ட்டில் உட்காரும் மெஷினாக இருந்தால் கவலையே இல்லை, அதைக் கழற்றி எண்ணெய் தடவி மூட்டை கட்டி வைத்துவிட்டு பிளாக்கை மாட்டலாம். கூடு சட்டத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் பத்து முறை யோசியுங்கள்.

வழி 3: புது மெஷின்

புது மெஷினுக்கு இருக்கும் பெரிய நன்மை பேரிங் அல்ல, காப்பு. சக்கரம் இரண்டும் மூடியிருக்கும், கதவு திறந்தால் மோட்டார் நிற்கும், நல்ல மாடல்களில் பிரேக்கும் உண்டு. தாத்தா காலத்து மெஷினில் சக்கரம் திறந்தே சுற்றும், பிளேடு அறுந்தால் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவிலேயே சுழலும் பாகங்களுக்கு வேலி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்கும் பட்டறை, பழைய மெஷினை ஓட்டுவதாக இருந்தால் கூண்டுச் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறை என்னவென்றால், அதே விலைக்கு அதே கனம் கிடைக்காது. குறைந்த விலை மெஷின்கள் தகடு வளைத்துப் பற்றவைத்தவை. பத்து அங்குலத் தேக்கை நெடுக்காக அறுக்கும்போது சட்டம் நெளிவதை அறுப்பிலேயே பார்க்கலாம். வாங்கினால் மேஜை, சக்கரம், கைடு மூன்றையும் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒயிட் மெட்டல் | பால் பேரிங் | புது மெஷின் |
|---|---|---|---|
| பொருந்தும் ஓட்டம் | வாரம் சில மணி முதல் தினம் நாலைந்து மணி வரை | தினம் முழுக்க | தினம் முழுக்க |
| தினசரி கவனிப்பு | எண்ணெய், தவறவே கூடாது | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| செய்யத் தெரிந்தவர் | தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது நாமே பழக வேண்டும் | ஊருக்கு ஊர் | தேவையில்லை |
| மறைந்த செலவு | நேரம், உருக்கும் சாமான், பாதுகாப்பு உடை | ஷாஃப்ட், சக்கரம் கழற்றுவது, உயரம் சரிசெய்வது | கனக்குறைவு |
| பழையபடி ஆக்க முடியுமா | எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றலாம் | சட்டத்தை வெட்டாதவரை | பொருந்தாது |
| காப்பு | தனியாகச் செய்ய வேண்டும் | தனியாகச் செய்ய வேண்டும் | கூடவே வரும் |

யாருக்கு எது

தனியாக வேலை செய்பவர், மெஷினை நேசிப்பவர், காலையில் எண்ணெய் விடுவதைச் சுமையாக நினைக்காதவர் என்றால் ஒயிட் மெட்டல். அதிலும் முதலில் ஷிம். ஷாஃப்ட் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், பேரிங் கூடும் தனியாகக் கழலும், மெஷின் தினமும் ஓட வேண்டும் என்றால் பால் பேரிங். சக்கரத்தில் விரிசல், பழக வருபவர்களை வைத்து ஓட்டும் பட்டறை, அல்லது அடுத்த மாதமே ஆர்டர் முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி என்றால் யோசிக்காமல் புது மெஷின்.

பழையதை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் மோட்டாரையும் பாருங்கள். 1440 சுற்று மோட்டாரில் 5 அங்குலப் புல்லி, மெஷினில் சுமார் 14 அங்குலப் புல்லி என்றால் 36 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்றை ஒட்டி வரும், அது போதும். வேகமாக அறுக்கட்டும் என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக்காதீர்கள், அந்தக் காஸ்ட் அயர்ன் சக்கரம் அந்த வேகத்துக்கு வார்க்கப்படவில்லை. வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும்தான் என்றால் விஎஃப்டி (சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸ் எடுத்துத் தரும் கருவி) வைத்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டலாம். நம் ஊர்ச் சின்ன மோட்டார்களில் சுருள்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பு, ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக மாற்றி 230 வோல்ட்டில் ஓட்டிவிடலாம். 5 எச்பி மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் கட்டப்பட்டவை, அவற்றுக்கு இந்த வழி கிடையாது. ஸ்டார்ட்டர், கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காத வகையாக இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பேண்ட் சாவோடு சேர்ந்து பழைய இழைப்பு மெஷினும் கிடக்கிறது என்று எழுதுகிறார்கள். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் கத்திக் கட்டை சதுரமாக இருந்தால், பேரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படியே ஓட்டாதீர்கள். சதுரக் கட்டைக்கும் மேஜைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் விரல் அல்ல, கையே உள்ளே போகும். கையால் தள்ளி இழைக்கும் மெஷினுக்கு உருண்டைக் கட்டைதான் வேண்டும் என்று இங்கிலாந்தில் 1922-லேயே விதி போட்டார்கள். உருண்டைக் கட்டை கடைந்து மாட்டும்போது அதற்குப் பால் பேரிங்கையே போட்டுவிடுங்கள், நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று போகும் இடம் அது.

குடம் விரிந்த என் இரண்டாவது மெஷினை இரும்புக்குப் போடவில்லை. அதன் மேஜையும் மேல் கைடும் முதல் மெஷினுடைய அளவுதான், கழற்றி வைத்திருக்கிறேன். பேரிங் கூட்டில் பழைய மெட்டல் இன்னும் அரைக் கிலோ இருந்தது. தாளில் தேய்த்துப் பார்த்தேன், கோடு விழவில்லை. முதல் மெஷினுக்கு ஷிம் தீரும் நாளில் உருக்குவதற்காக அதை ஒரு பால் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி, எண்ணெய்க் கேனுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.